ஒளிப்படக் கொலாஜ் வழியே சொல்லும் வாசிப்பும்: தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இந்தக் கேள்வி பதில் தொகுப்பை எழுதியிருக்கிறேன். குறுவள மையக் கூட்டங்களிலும் பயிற்சி நாள்களின் உணவு இடைவேளைகளிலும் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவையே பெரும்பாலும் இங்கே இடம்பெறுகின்றன. கைப்பேசியும் ஒரு வகுப்பறையும் இருந்தால் செய்யக்கூடியவற்றை மட்டுமே எழுதியுள்ளேன்.

ஒளிப்படக் கொலாஜ் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

கைப்பேசியில் எடுத்த சில ஒளிப்படங்களை ஒரே பக்கத்தில் சேர்த்து அமைத்தால் அது கொலாஜ். பிறந்தநாள் வாழ்த்திலும் திருமண ஆல்பத்திலும் நாம் பார்த்துப் பழகிய வடிவம்தான். வகுப்பறைக் கொலாஜுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: படங்கள் ஒன்றோடொன்று உறவுள்ளவையாக இருக்க வேண்டும். வாழைத்தாரும் பேருந்தும் கடிகாரமும் அருகருகே இருந்தால் அது பட அட்டை, அவ்வளவே. ஒரே வாழைமரத்தின் இலை, பூ, தார், பட்டை, நார், சருகு ஆகியவை ஒரு பக்கத்தில் வந்துவிட்டால், குழந்தை ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடத் தொடங்குகிறது. ஒப்பிடத் தொடங்கியதும் அதற்குச் சொல் தேவைப்படுகிறது. அந்தத் தேவையை உண்டாக்கத்தான் இவ்வளவு வேலையும்.

பாடநூலிலேயே வண்ணப் படங்கள் இருக்கும்போது தனியாகக் கொலாஜ் எதற்கு?

குழந்தைகளின் பாடநூலில் படம் சேர்க்கும் வழக்கம் பழையது. 1658-இல் நியூரம்பெர்க் நகரில் கல்வியாளர் கொமேனியஸ் வெளியிட்ட இலத்தீன், செருமன் இருமொழிப் பட நூலில், படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, அதே எண்ணை உரிய சொல்லின் அருகிலும் அச்சிட்டிருந்தார்கள். இன்றைய பாடநூல் படங்களும் அந்த வழியில் வந்தவையே. அவற்றுக்கு மாற்றாகக் கொலாஜை நான் சொல்லவில்லை.

ஆனால் பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டி வாழும் குழந்தைக்கும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக்கும் அது ஒரே கிணற்றையும் ஒரே சந்தையையும்தான் காட்ட முடியும். கைப்பேசிப் படமோ அந்தக் குழந்தை காலையில் கடந்து வந்த குழாயடியையே காட்டும். தான் அறிந்த பொருளின் படத்தைக் கண்டதும் குழந்தை தயங்காமல் பேசுகிறது. பேசிய சொல்லை எழுதிக் காட்டினால் வாசிக்கவும் முன்வருகிறது. சொல்லும் உருவமும் மனத்தில் இரண்டு வழிகளில் பதிவதால் இரண்டும் சேரும்போது நினைவு வலுப்படுகிறது என்று கனடாவின் உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-இல் விரித்துரைத்த இரட்டைக் குறியீட்டுக் கொள்கை இதற்குப் பொருத்தமான விளக்கம்.

ஒரு பக்கத்தில் எத்தனை படங்கள் வைக்கலாம்?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு நான்கு. மூன்றாம் வகுப்புக்கு ஆறு. அதற்கு மேல் ஒன்பது. இவை என் அனுபவத்தில் நிலைத்த எண்ணிக்கைகள். பதினாறு படங்களை நெருக்கி வைத்த பக்கத்தில் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்கு எதுவுமே தெரியாது. பூ, நட்சத்திரம், இதயம் போன்ற அலங்காரங்களை எடுத்துவிடுங்கள். குழந்தையின் கண் முதலில் அவற்றின் மேல்தான் விழும்.

எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்வியில்தான் ஆசிரியரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது என்று நம்புகிறேன். பழங்கள், வாகனங்கள், விலங்குகள் என்ற வழக்கமான தலைப்புகளில் கொலாஜ் செய்வது தவறல்ல. ஆனால் மாம்பழத்தையும் பேருந்தையும் குழந்தைக்கு நாம் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒன்றுபோலத் தோன்றுபவற்றுக்குத் தனித்தனிச் சொல் இருக்கும் இடங்களில்தான் கொலாஜ் தன் முழுப் பயனையும் தருகிறது. தமிழில் அத்தகைய இடங்கள் ஏராளம்.

இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழைக்கு இலை, தென்னைக்கும் பனைக்கும் ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள், காய்ந்து உதிர்ந்தால் சருகு. இவற்றை வாயால் அடுக்கிச் சொன்னால் குழந்தைக்கு மனப்பாடப் பட்டியலாகிவிடும். ஐந்து படங்களாக ஒரே பக்கத்தில் காட்டினால், ஓலை ஏன் ஓலை, அது ஏன் இலை இல்லை என்று குழந்தையே கேட்கும்.

பிஞ்சுகளும் அப்படியே. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனை ஆகியவற்றின் இளம்பிஞ்சு குரும்பை. தேவநேயப் பாவாணர் திரட்டிக் காட்டிய இந்தச் சொற்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளன. பத்தாம் வகுப்பில் முதன்முறையாக எழுத்தில் பார்க்கும் பிள்ளை அவற்றை மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறது. மூன்றாம் வகுப்பில் தென்னை மரத்தடியில் குரும்பையைப் பொறுக்கி, அதைத் தானே படம் எடுத்த பிள்ளைக்கு அது தன் சொல்லாகிவிடுகிறது.

விலங்குகளின் இளமைப் பெயர்கள் மற்றொரு வளமான தலைப்பு. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களைத் தருகிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டியைக் குருளை என்கிறது. தொடக்க வகுப்புக்கு ஒன்பதும் வேண்டாம். கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி, பசுங்கன்று, அணிற்பிள்ளை ஆகிய நான்கும் ஊரிலேயே படம் எடுக்கக் கிடைக்கும். நாய்க்குட்டியின் படத்தைக் காட்டி, இதைக் குருளை என்றும் அழைத்தார்கள் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லலாம்.

ஒரு பாடவேளையில் இதை எப்படி நடத்துவது?

முதலில் சொல்லே இல்லாத கொலாஜைக் காட்டுங்கள். அமெரிக்காவின் எமிலி கால்ஹூன் 1999-இல் விரித்தெழுதிய படம்-சொல் வழி கற்பித்தல் முறையில், படத்தில் காண்பதைக் குழந்தைகள் சொல்லச் சொல்ல, ஆசிரியர் படத்திலிருந்து வெளியே கோடு இழுத்து அந்தச் சொல்லை எழுதுவார். பிறகு எல்லாரும் சேர்ந்து எழுத்துக் கூட்டி, வகைப்படுத்தி, தொடராக்கி வாசிப்பார்கள். நம் வகுப்புகளுக்கு இந்த வரிசை நன்றாகப் பொருந்துகிறது.

காவிரிக் கரை ஊர் ஒன்றில், இரண்டாம் வகுப்பில் வாழைக் கொலாஜைக் காட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் நான்கு படங்கள்: தார், பூ, உரித்த பட்டை, இலைக்கட்டு. முதல் இரண்டையும் வகுப்பே சேர்ந்து சொன்னது. மூன்றாவதற்கு அமைதி. பிறகு ஒரு பெண் குழந்தை எழுந்து, "டீச்சர், அது பட்ட. எங்க அப்பத்தா அதக் கிழிச்சுத்தான் பூ கட்டும்" என்றாள். "எப்படிம்மா கிழிக்கும்?" என்று கேட்டேன். அவள் இடது கையில் இல்லாத பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கீறி, நீளமாக இழுத்துக் காட்டினாள். அந்தக் கை அசைவைப் பார்த்துப் பின் வரிசையிலிருந்து இரண்டு குரல்கள் "நாரு, நாரு" என்றன. கரும்பலகையில் பட்டை, நார், கிழி, கட்டு என்று நான்கு சொற்கள் எழுதினேன். அவற்றில் நான் திட்டமிட்டு வந்தது ஒன்றுதான்.

ஆசிரியர் முதலில் சொல்லைச் சொல்லிவிட்டால் மற்ற மூன்றும் வெளியே வந்திருக்காது. எனவே கொலாஜைக் காட்டிய பிறகு குறைந்தது இரண்டு நிமிடமாவது நாம் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். எனக்கு இது கடினமாக இருந்தது, இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தை பேச்சு வழக்கில் சொன்னால் திருத்த வேண்டுமா?

திருத்துவதற்கு முன் ஏற்றுக்கொள்ள வேண்டும். குடத்தின் படத்தைப் பார்த்துக் "கொடம்" என்று சொல்லும் குழந்தை சரியான பொருளைத்தான் சொல்கிறது. "ஆமாம், கொடம். எழுதும்போது குடம்னு எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு எழுதிக் காட்டினால் போதும்.

இதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. அடுத்து வரும் எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருக்கும்போது, முதலெழுத்தின் இகரம் பேச்சில் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறுகின்றன. இலை "எல" ஆகிறது. விளக்கு, விரல், கிழங்கு ஆகியவை "வெளக்கு", "வெரல்", "கெழங்கு" ஆகின்றன. குடமும் உரலும் "கொடம்", "ஒரல்" ஆகின்றன. இந்த ஆறு பொருள்களையும் ஒரே கொலாஜாக்கி, ஒவ்வொன்றின் கீழும் எழுத்து வடிவத்தை எழுதிவிட்டு, "நாம சொல்றதுக்கும் எழுதியிருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் விதியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஏழாவது சொல்லாகத் "தொடப்பம்" வரும்போது, துடைப்பம் என்று தாங்களே எழுதிவிடுவார்கள்.

வட்டார வழக்கு இதிலிருந்து வேறானது. துடைப்பத்தையே விளக்குமாறு, வாரியல், சீமாறு என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். வாழைத்தாரைத் தென்மாவட்டங்களில் குலை என்பார்கள். இவற்றில் எதுவும் பிழையில்லை. படத்தின் அருகே வகுப்பில் வந்த எல்லாப் பெயர்களையும் எழுதி, பாடநூலில் வரும் பெயரின் கீழ் ஒரு கோடு இட்டால் போதும்.

குழந்தை உண்மையில் வாசிக்கிறதா, படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். படத்தின் கீழே சொல் இருக்கும்போது, குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. எழுத்தைப் பார்ப்பதே இல்லை. வகுப்பே உரத்த குரலில் சரியாகச் சொல்லும், நாமும் மகிழ்ந்துவிடுவோம். மறுநாள் அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் பாதிப் பேர் விழிப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பில் படத்தோடு சொல்லைக் கற்ற குழந்தைகளைவிடப் படமில்லாமல் கற்றவர்கள், பின்னர் சொல்லை மட்டும் காட்டிச் சோதித்தபோது கூடுதலாகச் சரியாக வாசித்தார்கள். கவனம் எழுத்திலிருந்து படத்துக்கு நழுவிவிடுகிறது என்பதே அவர் தந்த விளக்கம்.

அப்படியானால் படமே வேண்டாமா என்று கேட்பார்கள். பொருள் விளங்கவும் பேச்சு பிறக்கவும் படம் வேண்டும். எழுத்தை வாசிக்கும் நேரத்தில் படம் விலக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கொலாஜையும் மூன்று பிரதிகளாகச் செய்கிறேன். முதல் பிரதியில் படங்கள் மட்டும் இருக்கும். இரண்டாவதில் படங்களும் சொற்களும். மூன்றாவதில் அதே கட்டங்கள், அதே சொற்கள், படங்கள் மட்டும் இல்லை. முதல் நாள் முதல் பிரதியில் பேச்சு, அன்றே இரண்டாவதில் சொல் அறிமுகம், அடுத்த நாள் மூன்றாவது பிரதியில் வாசிப்பு. கட்டங்களின் இடம் நினைவில் இருப்பதால் குழந்தைகள் இடத்தை வைத்தும் ஊகிப்பார்கள் என்பதால், மூன்றாம் நாள் கட்டங்களின் வரிசையையும் மாற்றிவிடுவேன். படம் போய், இடமும் மாறிய பிறகு அந்தச் சொல்லைப் படிக்கும் குழந்தைதான் அதை வாசிக்கிறது. கொலாஜ் செய்வதில் நாம் காட்டும் அக்கறையை அதை எடுத்துவிடுவதிலும் காட்ட வேண்டும் என்று சக ஆசிரியர்களிடம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறேன்.

ல, ள, ழ குழப்பத்துக்கு இது உதவுமா?

நன்றாகவே உதவும். புலியும் புளியும், கிளியும் கிழிந்த துணியும், தலையும் தழையும் அருகருகே இருக்கும் கொலாஜில், ஓர் எழுத்து மாறினால் படமே மாறிவிடுகிறது என்பது குழந்தைக்குக் கண்ணெதிரே தெரிகிறது. சொல்லட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, உரிய படத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். இங்கே ஊகத்துக்கு வழியில்லை. புலிப் படத்தின் மேல் எந்த அட்டையை வைப்பது என்பதை எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கரையும் கறையும், பனியும் பணியும், அரையும் அறையும் இதே முறையில் அமைக்கத்தக்கவை. ஒரு கொலாஜில் ஒரே இணையெழுத்துக் குழப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வினைச்சொற்களையும் பண்புச்சொற்களையும் படமாக்க முடியுமா?

வினையைப் படமாக்கலாம், ஆனால் ஒற்றைப் படம் பெரும்பாலும் போதாது. கத்தியோடு ஒருவர் நிற்கும் படத்தைப் பார்த்தால் குழந்தை "கத்தி" என்றே சொல்லும். ஒரே குடும்பத்து வினைகளைச் சேர்த்து வைத்தால்தான் வினை கண்ணில் படுகிறது: மரம் வெட்டுகிறார், காய் நறுக்குகிறார், நெல் அறுக்கிறார், பூப் பறிக்கிறார், கொழுந்து கிள்ளுகிறார், கீரை ஆய்கிறார். ஆறு படங்களிலும் கைகள்தான் இருக்கின்றன. ஆறுக்கும் ஆறு சொற்கள். காய் "வெட்டுகிறார்" என்று எழுதும் பிள்ளைக்கு நறுக்குவதையும் கீரை ஆய்வதையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

பெரியது, சிறியது, வழவழப்பு, சொரசொரப்பு போன்றவற்றுக்கு இரண்டு படங்கள் கட்டாயம் வேண்டும். நேர்மை, பொறுமை போன்ற சொற்களைப் படமாக்க முயல வேண்டாம், அவை கதைக்குரியவை.

வாசிப்புப் பத்திக்குக் கொலாஜை எவ்வாறு பயன்படுத்துவது?

மண்பானை செய்வதைப் பற்றிய ஒரு சிறு பத்தியை வைத்துச் சொல்கிறேன். ஊரில் பானை செய்பவர் இருந்தால் அவரிடம் அனுமதி பெற்று, களிமண்ணை மிதிப்பது, சக்கரத்தில் வனைவது, மரப்பலகையால் தட்டி உருண்டையாக்குவது, நிழலில் உலர்த்துவது, சூளையில் அடுக்குவது, சுட்ட பானையை எடுப்பது என ஆறு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தியை வாசிக்கும் முன் படங்களைக் கலைத்துக் காட்டி, எது முதலில், எது அடுத்து என்று பேச விடுங்கள். வனைதல், சூளை ஆகிய இரண்டு சொற்கள் அப்போதே வந்துவிடும். பிறகு கொலாஜை மறைத்துவிட்டுப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள்.

வாசித்த பிறகு நான் பயன்படுத்துவது வெற்றுக் கட்ட முறை. ஆறு கட்டங்களில் ஒன்றை வெறுமையாக விட்டு, மற்ற ஐந்தையும் சரியான வரிசையில் வைத்துக் காட்டுவேன். வெற்றுக் கட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பத்தியில் தேடி, அதற்குரிய தொடரைக் குழந்தை விரல் வைத்துக் காட்ட வேண்டும். உலர்த்தும் படத்தை எடுத்துவிட்டால், தட்டிய பானை நேரே சூளைக்குப் போவதுபோல் தெரியும். "ஈரப் பானையைச் சுட்டா வெடிச்சிடும்ல?" என்று ஒரு மாணவன் கேட்டபோது, விடையைத் தேடி வகுப்பு முழுவதும் மீண்டும் பத்திக்குள் போனது. மறுவாசிப்புக்கு நான் கொடுத்த எந்தக் கட்டளையும் அவ்வளவு பயன் தந்ததில்லை. முதலில், பிறகு, அதன்பின், இறுதியாக என்னும் இணைப்புச் சொற்களும் இந்தப் பயிற்சியில் தாமாகவே பழக்கத்துக்கு வந்துவிடும்.

எண்ணும் எழுத்தும் நிலைகளோடு இதை எப்படிப் பொருத்துவது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கற்கிறார்கள். ஒரே கொலாஜை மூவருக்கும் பயன்படுத்தலாம். அரும்பு நிலைக் குழந்தை படத்தின் பெயரைச் சொல்லி, அதன் முதலெழுத்தை எடுத்துக் காட்டட்டும். மொட்டு நிலைக் குழந்தை சொல்லட்டையைப் பொருத்தட்டும். மலர் நிலைக் குழந்தை இரண்டு படங்களை இணைத்து ஒரு தொடர் எழுதட்டும். தனித்தனித் துணைக்கருவி செய்யும் சுமை குறைகிறது. குழந்தைகளும் ஒரே பொருளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றாதா?

ஆசிரியர் செய்து காட்டும் கொலாஜ் அப்படித் தோன்றலாம். அந்த வயதில் மாணவர்களே செய்ய வேண்டும். பூவின் ஏழு நிலைகளுக்கு நம்மிடம் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்ற சொற்கள் இருக்கின்றன. பள்ளித் தோட்டத்தில் ஒரே செடியின் ஒரே பூவை நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, எந்தப் படத்துக்கு எந்தச் சொல் என்று குழுவாக வாதிடச் சொல்லுங்கள். முகைக்கும் மொட்டுக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்று ஒரு குழு அரை மணி நேரம் விடாமல் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

ஐந்திணையும் நல்ல தலைப்பு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுத்துத் தருகிறது. குழுவுக்கு ஒரு திணையாகப் பிரித்து, தங்கள் ஊர் எந்தத் திணைக்கு நெருக்கமானது என்பதைப் படங்களால் நிறுவச் சொல்லலாம்.

எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம்?

உங்களுக்குக் கைவந்த எதுவும் போதும். கைப்பேசியின் படத்தொகுப்புச் செயலிகள் பலவற்றில் கொலாஜ் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசக் கணக்கு தரும் கேன்வாவும், கூகுள் ஸ்லைட்ஸும், இணையம் இல்லாத கணினியில் லிப்ரெ ஆபிஸ் இம்ப்ரெஸும் நன்றாக உதவும். நான் ஸ்லைட்ஸையே விரும்புகிறேன். அதில் சொற்கள் தனிப் பெட்டிகளாக இருப்பதால், முன்பு சொன்ன மூன்று பிரதிகளையும் நகலெடுத்து நீக்குவதன் மூலம் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். சொல்லைப் படத்தோடு ஒட்டிச் சேமித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

தமிழ் எழுத்துருவில் கவனம் தேவை. சில செயலிகளில் "கொ" என்று தட்டினால் கொம்பும் எழுத்தும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துக் கற்கும் குழந்தைக்கு அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைக் காட்டுவது பெருந்தவறு. சேமிப்பதற்கு முன் கொ, கோ, கௌ, றை, ணை ஆகியவற்றை ஒருமுறை தட்டிச் சரிபாருங்கள். பழைய தட்டச்சு எழுத்துருக்களில் இருக்கும் சொற்களை நகலெடுத்து ஒட்டாமல் யூனிகோடில் புதிதாகத் தட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற தெளிவான எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வளைத்தும் நெளித்தும் வரைந்த அலங்கார எழுத்துகளை மலர் நிலை தாண்டும் வரை தவிர்த்துவிடலாம்.

அச்சிடும்போது படம் மங்கலாக வருகிறதே?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். ஏ4 தாளில் தெளிவாக அச்சாக, பக்கம் ஏறத்தாழ 2480 க்கு 3508 புள்ளிகள் (பிக்சல்) இருக்க வேண்டும். திறன்மிகு வகுப்பறைத் திரைக்கு மட்டும் என்றால் 1920 க்கு 1080 போதும்.

இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுக்கலாமா?

சொந்தப் படம் கிடைக்காதபோது எடுக்கலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரும் மாணவரும் படைப்புகளைப் படியெடுப்பதற்கு இடம் தருகிறது. ஆனால் கொலாஜைப் பொதுவெளியில் பகிரும்போது நிலைமை மாறுகிறது. விக்கிமீடியா காமன்ஸில் கட்டற்ற உரிமத்தோடு இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் பக்கத்தின் அடியில் குறிப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். சொல் கற்பிக்க அவற்றை நான் பயன்படுத்துவதில்லை. குரும்பை எது, வடு எது என்று காட்ட உண்மையான குரும்பையும் வடுவும் வேண்டும். அழகாகவும் தவறாகவும் இருக்கும் படம் குழந்தையின் மனத்தில் முதல் பதிவாக நின்றுவிடும்.

குழந்தைகளின் முகங்கள் படத்தில் வரலாமா?

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வரக் கூடாது. 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, வினைச்சொற்களுக்குக் கைகளும் கால்களும் போதும். முகம் தேவையே இல்லை. பள்ளிச் சீருடையின் பெயர்ப்பட்டையும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொருள்களைப் படம் எடுத்து வரச் சொல்லும்போது, எல்லார் வீட்டிலும் உள்ள பொருளையே கேளுங்கள்; குளிர்சாதனப் பெட்டியின் படம் கேட்கப்படும் வகுப்பில் தலைகுனிந்து உட்காரும் ஒரு குழந்தை இருக்கும்.

திரையோ கணினியோ இல்லாத பள்ளியில் என்ன செய்வது?

ஊர் ஒளிநகல் கடையில் ஒரு ஏ4 வண்ண அச்சு எடுத்து, நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று என்று கொடுங்கள். நெகிழித் தாளால் உறையிட்டால் அதன் மேல் பேனாவால் எழுதி அழிக்கலாம். கறுப்பு வெள்ளை அச்சு எடுப்பதானால் முன்கூட்டியே ஒன்றை எடுத்துப் பாருங்கள்; பச்சை இலையும் பழுப்புச் சருகும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால், கொலாஜில் உள்ள பொருள்களையே ஒரு தட்டில் வைத்துத் தொட விடுங்கள். பட்டைக்கும் நாருக்கும் உள்ள வேறுபாட்டை விரல்கள் கண்ணைவிட விரைவாக அறிந்துகொள்ளும்.

கற்றார்களா என்பதை எப்படி அறிவது?

கொலாஜ் காட்டி ஒரு வாரம் கழித்து, படம் எதுவும் இல்லாத ஒரு தாளில் அந்தச் சொற்களைப் புதிய தொடர்களுக்குள் வைத்து எழுதுகிறேன். வாழைக் கொலாஜுக்குப் பிறகு நான் எழுதியவை இவை: "பாட்டி பட்டையைக் கிழித்தாள். நார் நீளமாக வந்தது. நாரில் பூவைக் கட்டினாள்." குழந்தையை ஒவ்வொருவராக அருகில் அழைத்து, மெல்ல வாசிக்கச் சொல்லி, தயங்கிய சொல்லுக்கு மட்டும் என் குறிப்பேட்டில் புள்ளி வைப்பேன். மூன்று பேருக்கு மேல் ஒரே சொல்லில் தயங்கினால், அடுத்த வாரக் கொலாஜில் அந்தப் பொருள் வேறொரு கோணத்தில் எடுத்த புதிய படமாக மறுபடியும் வரும். வகுப்பில் "பட்ட" என்று எழுந்து சொன்ன அந்தக் குழந்தை, தாளில் பட்டை என்ற சொல்லில் ஐகாரத்தைக் கண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் காற்றைக் கீறிக்கொண்டே, சொல்லை முழுவதுமாக வாசித்து முடித்தாள்.